காப்புக் கட்டிய கையோடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை எங்கள் வீட்டில் யார் உடம்பிலும் இரத்தம் வரக்கூடாது. நான் சவரம்கூடச் செய்வதில்லை. அப்படியொரு நாளில்தான் மகளுக்குத் தட்டம்மைக்கான ஒன்பது மாத ஊசி வந்தது.

தோட்டத்துக் கிளினிக்கில் ஊசி போடும் மிஸ், நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கே வந்து கூப்பிட்டார். சிங்களப் பிள்ளை, நல்ல தமிழ் பேசுவார்.

"ஐயா, நாளைக்கு பபாவ கொண்டு வாங்க."

"காப்பு கட்டியிருக்கேன் மிஸ். பொறகு கண்டியில போட்டுக்கிறோம்."

நான் கண்டியில் புடவைக்கடையில் வேலை செய்கிறவன். தினமும் போய்வந்தேன். ஊசி மட்டும் போடவில்லை. மிஸ் கேட்டபோது போட்டாச்சு என்று சொல்லிவிட்டேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து ஊர் கலஹா தேத்தண்ணிக் கடையில் அப்போது ஊசி கட்டாயம் என்கிற பேச்சுத்தான்.

"ஊசி கட்டாயம்னா என்னங்க அர்த்தம்? நம்ம புள்ள, நம்ம இஷ்டம்" என்றேன்.

"ஸ்கூல்ல சேக்கப் போனா ஊசி கார்ட் கேப்பாங்களே, அப்ப இஷ்டத்த காட்டுவியா?" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில மாதம் கழித்து மகளுக்குக் காய்ச்சல். மழைக் காய்ச்சல் என்று நினைத்து, புள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மனைவி கொழுந்தெடுக்கப் போனாள். மலைக்குப் போகிற தாய்மாரெல்லாம் பிள்ளைகளை அங்கேதான் விடுவார்கள். மூன்றாம் நாள் மேலெல்லாம் சிவந்தது. சின்னமுத்து, அந்த ஊசி தடுக்கிற அதே தட்டம்மை. வாசலில் வேப்பிலை செருகி, அம்மா வந்திருக்கா என்று கும்பிட்டேன். யாரையும் உள்ளே விடவில்லை. மகள் தேறிவிட்டாள். நான் ஊசி போடாத கதை மனைவி சொல்லி லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தையும் அந்தக் காம்பராவில்தான் கிடந்தது. ஆறு மாதக் குழந்தை. அந்த ஊசிக்கு இன்னும் வயது வரவில்லை. அதற்கும் சின்னமுத்து கண்டு, நெஞ்சில் சளி கட்டி, பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் திருநீறு மடித்துக்கொண்டு போனேன். மூக்கில் குழாயோடு, விலா எலும்பு உள்ளே இழுத்து இழுத்து மூச்சு விட்டது அந்தக் குழந்தை.

"எல்லாம் அம்மா பாத்துக்குவா தங்கச்சி" என்றேன்.

அந்தத் தாய் திருநீற்றை வாங்கிக் குழந்தைக்குப் பூசினாள். பிறகு சொன்னாள்: "ஊசிய தள்ளிப் போட்டது நீங்க. அதுக்கு அம்மன ஏன் இழுக்கிறீங்க?"

அண்ணே என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள். அன்று கூப்பிடவில்லை. குழந்தை பிழைத்து வந்த பின்னும் என்னோடு பேசவில்லை.

அடுத்த திருவிழாக் கூட்டத்தில், காப்பு நாளானாலும் ஊசி கிளினிக் நடப்பதைக் கோயில் மைக்கில் அறிவிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"கட்டாயப்படுத்த நாம என்ன கவுருமெந்தா?" என்றார் ஒருவர். "ஒன் புள்ளைக்கே நீ போடலியே!" என்றார் இன்னொருவர்.

"போடாததாலதான் கேக்குறேன்" என்றேன். அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள். இன்றும் எல்லோருக்கும் சம்மதமில்லை.

மிஸ்ஸிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். விட்டுப்போன ஊசியை இப்போதாவது போடலாம் என்றார். மஞ்சள் கயிறு கட்டிய கையால் மகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். தாயே, குத்தம்னா என் தலையில வை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். முன்னால் அந்தத் தாய், இடுப்பில் குழந்தை. திரும்பி என் கைக் காப்பைப் பார்த்தாள்.

"வெயில்ல நிக்காம இப்பிடி வாங்கண்ணே" என்றாள்.