மைமூனாட யன்னலும் என்ட பாண் பெட்டியும்

திருகோணமலை டவுனில பேக்கரிப் பாண் விக்கிற அலியாரத் தெரியாத சீவன் இல்ல. றோட்டில படுத்துக் கிடக்கிற மான் கூட என்ட சைக்கிள் மணியக் கேட்டா எழும்பி வழி விட்டு, "இண்டைக்குப் பாண் சூடா?" எண்டு கேக்கும். நான் படிச்சது ரெண்டாம் வகுப்பு மட்டும். அதிலயும் ஒரு வருசம் வாசலில முழங்காலில நிண்டதுதான். எழுத்துகள எனக்குத் தெரியும், ஆனா ஒவ்வொண்டா வந்தாத்தான் தெரியும். கூட்டமா வந்தா எனக்குத் தலை சுத்தும்.

இப்பிடிப்பட்ட நான் பத்து வருசமா லைபிறறியில இருந்து கிழமைக்குக் கிழமை கதைப் புத்தகம் எடுத்தனான் எண்டா நம்புவீங்களா? நம்பத்தான் வேணும். அதுக்குக் காரணம் மைமூனா.

மைமூனா கயித்துக் கடை அபூதாஹிர் முதலாளிட ஒரே மகள். வள்ளங்களுக்குக் கயிறும் ஆணியும் விக்கிற கடை. வீடு கடற்கரைக்குப் போற ஒழுங்கையில. வெள்ளைக்கார நேவி துறைமுகத்தக் குடுத்திட்டுப் போன வருசம் அவவுக்குப் பன்னிரண்டு வயசு. வெள்ளைக்காரன் வெளியால போனான், மைமூனா உள்ளுக்குப் போனா. குமராகிட்டா எண்டு பள்ளிக்கூடத்தால நிப்பாட்டினாங்க. எங்கட ஒழுங்கையில எல்லா வீட்டுலயும் அந்த வழக்கம்தான். ஒருத்தரும் குத்தமா நினைக்கிறதில்ல. காலம வெயில் வாற மாதிரி, வயசு வந்தாக் கதவு சாத்திறது.

பத்து நாள் கழிச்சு நான் பாண் குடுக்கப் போன நேரம் யன்னலுக்குள்ள இருந்து ஒரு சத்தம்.

"அலியார் காக்கா, அதுகள் இன்னும் தண்ணியிலதான் நிக்குதுகள்."

"ஆரு மகள்?"

"கப்பல் உடைஞ்சு மூண்டு பிள்ளையள் மரத்துண்டைப் பிடிச்சு மிதக்குதுகள். அந்த இடத்தில உம்மா என்னை வீட்டுக்குள்ள எடுத்திட்டா. புத்தகத்த வாப்பா கொண்டு போய் லைபிறறியில குடுத்திட்டார். எனக்கு முடிவு தெரியா."

"அதுக்கென்ன, துறைமுகத்தில சொல்லி ஒரு போட் அனுப்பி ஏத்திருவம்" எண்டன்.

என்ட பகிடிக்குச் செத்தவனும் சிரிப்பான். அவ சிரிக்கயில்ல. யன்னல் கம்பியப் பிடிச்சிருந்த விரல் எல்லாம் வெள்ளையாப் போயிருந்துது. எனக்கும் சிரிப்பு நிண்டு போச்சு. பாண் பெட்டிய மூடிப்போட்டு நேரா லைபிறறிக்கு விட்டன் சைக்கிள.

லைபிறறியில இரத்தினசிங்கம் ஐயா எண்டு ஒராள். மூக்குக் கண்ணாடி மூக்கில இல்ல, மூக்கு நுனியில. தும்மினா அது கந்தளாய்க் குளத்திலதான் போய் விழும்.

"ஐயா, கப்பல் உடைஞ்சு மூண்டு பிள்ளையள் மிதக்கிற புத்தகம் வேணும்."

"ஆருக்கு?"

மைமூனாட பேரச் சொல்ல ஏலுமா? "எனக்குத்தான்" எண்டன்.

அவர் என்னைப் பாத்தார். என்ட மீசையப் பாத்தார். "அலியார், அது பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையள் வாசிக்கிறது."

"நான் மனசால பன்னிரண்டு ஐயா."

ஒரு அட்டை போட்டுத் தந்தார். ரெண்டு புத்தகம், பதினாலு நாள். திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்தது. பாணுக்குக் கீழ புத்தகத்த வச்சுக் கொண்டு போய் யன்னலால நீட்டினன். உம்மா குசினியில நிண்டு பாத்தவ. பாத்திட்டுத் தேங்காய் திருவத் தொடங்கிட்டா. அது "ஓம்" எண்டதுதான்.

அதுக்குப் பிறகு ஒழுங்கையில வருசத்துக்கு ஒண்டு ரெண்டு பிள்ளையள் உள்ளுக்குப் போறதும், அதுகளுக்கும் புத்தகம் போறதுமா, என்ட பெட்டியில பாணை விடப் புத்தகம் பாரமாப் போச்சு. பதினொரு யன்னல்! இரத்தினசிங்கம் ஐயாவும் ஒண்டும் கேக்காம அட்டைக்கு மேல அட்டை போட்டுத் தந்தார். எல்லாத்துக்கும் எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் எண்டு சொல்றது மைமூனா. தான் முதல்ல வாசிச்சு முடிச்சுப்போட்டு ஒரு துண்டு எழுதி உள்ளுக்கு வைப்பா. அவ அந்தப் பிள்ளையள் ஒருத்தரையும் போய்ப் பாக்க ஏலாது. பக்கத்து வீட்டு யன்னலே அவவுக்குக் கொழும்பு. அதால என்னைப் பொலிஸ் மாதிரி விசாரிப்பா.

"அந்தப் பிள்ளை பாண் வாங்க ஓடி வாறவவா, நடந்து வாறவவா?"

"இழுபட்டு வாறவ."

"அப்ப இப்பதான் உள்ளுக்கு எடுத்திருக்காங்க. முதல் மாசம் சிரிக்கிற கதை குடுக்கக் கூடாது காக்கா. சிரிச்சா அழுகை வரும். துப்புப் பிடிக்கிற கதை குடுங்க. மூளைக்கு வேலை வேணும்."

இன்னொரு வீட்டுக்குப் பேய்க்கதை எடுத்துக் கொண்டு போக இருந்தன். "அய்யோ வேணாம்! அவட வீட்டில கக்கூஸ் கிணத்துக்கு அங்கால இருக்கு. பிள்ளை விடியும்வரை அடக்கிக் கொண்டு கிடக்கும்" எண்டா. எந்த வாத்தியாருக்கு இந்த யோசனை வரும்?

எனக்குப் பேர் வாசிக்கத் தெரியாதெண்டு, புத்தகத்தப் பாண் சுத்திற கடதாசியில சுத்தி, அதில ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம் கீறித் தருவா. அந்த வீட்டில என்ன பாண் எடுக்கிறாங்களோ அந்தப் படம். ஒரு றாத்தல் எடுக்கிற வீட்டுக்கு முழுப் பாண், மத்த வீட்டுக்குப் பாதிப் பாண், றஹ்மா எண்டொரு பிள்ளைட வீட்டுக்கு உருண்டைப் பணிஸ். ஒரே பாண் எடுக்கிற வீடுகளுக்கு, ஒழுங்கையில எத்தினையாம் வீடோ அத்தினை புள்ளியும் வைப்பா. எனக்கு அது போதும். எட்டு வருசம் ஒரு பிழை விடயில்ல. கவர்மெண்டுத் தபால் கூட இவ்வளவு சரியாப் போயிருக்காது.

ஒரு பிழை விட்டன். ஒண்டே ஒண்டு. ஆனா அது யானை அளவு.

மைமூனாவுக்கு இருபது வயசு. மாப்பிள்ளை பேசிக் கொண்டிருந்தாங்க. பெற்றோல் தாங்கியடியில கிளாக்கா இருக்கிற ஜெமீல். அவர்ட உம்மா பேர் அசனா. அசனா மாமி எப்பவும் ஒரு றாத்தல் பாண் எடுக்கிறவ. அண்டைக்கு ஆக்கள் வந்திருக்கெண்டு "பன்னிரண்டு பணிஸ் தாடா" எண்டா. நானும் "மாமி, பன்னிரண்டும் உங்களுக்கா? கதவை அகலமாக்கோணும் போல கிடக்கே" எண்டு பகிடி விட்டுக் கொண்டு பணிஸ் பார்சல்கள எடுத்துக் குடுத்தன். வாய் வேலை செய்யேக்க கை பாக்கிறதில்ல. பணிஸ் படம் போட்ட ஒரு பார்சலும் சேந்து போச்சு. அதுக்குள்ள றஹ்மாவுக்குப் போற புத்தகம்.

பின்னேரம் அபூதாஹிர் முதலாளி ஆள் அனுப்பிக் கடைக்குக் கூப்பிட்டார். கயித்துச் சுருளுக்கு மேல அந்தப் புத்தகம் கிடந்துது. பக்கத்தில அசனா மாமி கதிரையில. கதிரை அழுதது, அவ அழயில்ல. கோவம்.

முதலாளி துண்டை எடுத்து வாசிச்சார்.

"றஹ்மா, இந்தக் கதையில ஒரு பிள்ளை வீட்ட விட்டு ஓடிப் போறா. எண்பதாம் பக்கம் மட்டும் வாசி. அதுக்கங்கால எழுதினவருக்குப் பயம் வந்திட்டுது. அந்தப் பிள்ளையப் பிடிச்சுக் கொண்டு வந்து மன்னிப்புக் கேக்க வைக்கிறார். நீ கேக்காத."

"பாத்தீங்களா?" எண்டா அசனா மாமி. "பாண்காரன் உங்கட யன்னலில புத்தகம் எடுக்கிறத நான் கண்டனான். ஊர்ப் பிள்ளையளுக்கு ஓடப் படிப்பிக்கிறா உங்கட மகள். நான் இத ஒவ்வொரு வீட்டுலயும் போய்ச் சொன்னா என்ன நடக்கும்?"

என்ன நடக்கும்? பதினொரு யன்னலும் சாத்துப்படும். எனக்குச் சிரிப்பு வரயில்ல. என்ட வாழ்க்கையில ரெண்டாந் தரம்.

மூண்டு பேரும் வீட்டுக்குப் போனம். அவங்க உள்ளுக்குப் போனாங்க, நான் சைக்கிளோட யன்னலுக்கு வெளியால. கேக்கக் கூடாதெண்டு காதைப் பொத்தினன், ஆனா விரலுக்கு இடையால எல்லாம் கேட்டுது.

முதலாளி மெல்லமாச் சொன்னார். "மகள், இத நீங்க எழுதயில்லத்தானே. றஹ்மா எழுதி வச்சிருக்கும். றஹ்மாட பேர்தான் இதில இருக்கு. அப்பிடிச் சொல்லுங்க, விசயம் முடிஞ்சுது."

அவர் மகளுக்கு ஒரு கதவு திறந்து விட்டார் பாருங்க. மனிசன் பாவம், அவரும் ஊர் வாய்க்குப் பயந்தவர்தான்.

"றஹ்மாவுக்குப் பதினொரு வயசு வாப்பா. உள்ளுக்கு எடுத்து ஒரு மாசம். நான்தான் எழுதினன்."

பிறகு அசனா மாமி சொன்னா. "பிள்ளை பொய் சொல்லயில்ல. அது நல்லது. எனக்கு இந்தச் சம்மந்தம் வேணும். என்ட மகனுக்கும் விருப்பம். ஆனா இனிக் கதைப் புத்தகம் தொடக் கூடாது, துண்டு எழுதக் கூடாது. சத்தியம் பண்ணச் சொல்லுங்க. பண்ணினா நான் ஒரு வீட்டுலயும் வாய் திறக்க மாட்டன்."

"மத்தப் பிள்ளையளுக்குப் புத்தகம் போகுமா?" எண்டு கேட்டா மைமூனா.

"அது அந்தந்த வீட்டுப் பாடு. எனக்கென்ன."

"வாப்பா, அந்தப் புத்தகத்த அலியார் காக்காட்டக் குடுங்க. அது திரும்பிப் போகாட்டி அடுத்தது தர மாட்டாங்க." அவ அதத்தான் முதல்ல சொன்னா. அதுக்குப் பிறகுதான் சத்தியம் பண்ணினா.

முதலாளி வெளியால வந்து புத்தகத்த என்ட கையில தந்தார். என்ட முகத்தப் பாக்கயில்ல. துண்டக் கிழிக்கவும் இல்ல, மடிச்சுத் தன்ட சேட்டுப் பையில போட்டார்.

கலியாணம் நடந்துது. எங்கட ஆக்களில மாப்பிள்ளைதான் பொம்பிள வீட்டுக்கு வந்து இருக்கிறது. கலியாணம் கட்டினாலாவது வேற ஒரு றோட்டப் பாப்பா எண்டு நான் நினைச்சன். எங்க! ஜெமீல் ஒரு பெட்டியோட உள்ளுக்கு வந்தார். மைமூனாவுக்கு அறையும் அதே அறை, யன்னலும் அதே யன்னல், அதே ஏழு கம்பி. ஜெமீல் நல்ல மனிசன், குத்தம் சொல்ல ஏலாது. அதுதான் வில்லங்கம். கெட்டவனெண்டா நான் பகிடி பண்ணியே ஊரை விட்டு அனுப்பியிருப்பன். உம்மா கேட்ட சத்தியம், பொஞ்சாதி பண்ணின சத்தியம், தான் ஏன் நடுவில வாய் வைப்பான் எண்டு இருந்திட்டார்.

அவ சத்தியத்த ஒரு மயிரிழை கூட மீறயில்ல. புத்தகம் தொடயில்ல, துண்டு எழுதயில்ல. ஆனா வாயால சொல்லுவா. நான் பாண் நிறுக்கிற மாதிரி நிண்டு கொண்டு, "நீல மட்டை, நரிப் படம்" எண்டு சொன்னாப் போதும்.

"அது பயந்த பிள்ளைக்கு. கடைசியில நரி சாகும், முன்னமே சொல்லிப்போட்டுக் குடுங்க."

எட்டு வருசத்து வாசிப்பு எல்லாம் தலைக்குள்ள அலுமாரியில அடுக்கின மாதிரி. அத வச்சு ரெண்டு வருசம் ஓடினது. அந்த ரெண்டு வருசத்தில எத்தினை பிள்ளையள் அவட வாயால வாசிச்சுதுகள் எண்டு கணக்கில்ல. இரத்தினசிங்கம் ஐயா கூட என்னைக் கேக்கத் தொடங்கிட்டார். "அலியார், ஒரு பன்னிரண்டு வயசுப் பெட்டை வந்திருக்கு, என்ன குடுக்கலாம்?" நான் பேராசிரியர் மாதிரித் தாடியத் தடவுவன். அடுத்த நாள்தான் பதில் சொல்லுவன்.

பிறகு லைபிறறிக்குப் புதுப் புத்தகங்கள் வந்துது. ரெண்டு பெரிய மரப்பெட்டி. பிள்ளையள் பழசெல்லாம் முடிச்சிட்டுதுகள், லைலா எண்டொரு பன்னிரண்டு வயசு வந்து என்ட உயிர எடுக்கிறா, "புதுசு வேணும், புதுசு வேணும்" எண்டு. ஒண்டை எடுத்து, காலம யன்னலடியில நிண்டு பெட்டி மூடியத் திறந்து காட்டினன்.

"மஞ்சள் மட்டை. ஒரு பிள்ளை, ஒரு குதிரை. லைலாவுக்குச் சரி வருமா?"

மைமூனா பாத்தா. நல்லா நேரம் பாத்தா. அவட இடுப்பில அவட குழந்தை மட்டையப் பிடிக்கக் கை நீட்டினது. அவ பிள்ளைட கையப் பிடிச்சுப் பின்னுக்கு எடுத்தா.

"எனக்குத் தெரியா காக்கா."

"சும்மா சொல்லுங்க."

"நான் வாசிக்கயில்ல. இது நான் சத்தியம் பண்ணின பிறகு வந்தது." சத்தம் ஒழுங்காத்தான் இருந்துது. "இனி வாறது ஒண்டும் எனக்குத் தெரியாது. நீங்க பிள்ளையளுக்கு வேற ஆரையும் கேளுங்க."

இவ்வளவு காலமும் வெளியால வர ஏலாட்டியும் அந்தப் பிள்ளையள விட நாலு புத்தகம் முன்னுக்கு நிண்டவ. இனி அதுகள் அவவத் தாண்டிப் போகும். அவ அந்த யன்னலடியிலயே நிப்பா.

"மகள்," எண்டன், "தொட மாட்டன் எண்டுதானே சத்தியம். கேக்க மாட்டன் எண்டு சொல்லயில்லத்தானே?"

அவ யன்னல விட்டுப் போகயில்ல.

புத்தகத்த விரிச்சன். எழுத்துகள் கூட்டமா நிண்டு என்னைப் பாத்துச் சிரிச்சுது. ஒவ்வொண்டாக் கூப்பிட்டன். "ம... ழை... க்கு... மு... தல்... நாள்..." வேர்வை ஒழுகுது. துறைமுகத்தில நங்கூரம் தூக்கிறவனுக்கும் இவ்வளவு வேர்க்காது. "கு... தி... ரை... க்கு..." எனக்குப் பின்னால நாலு வீட்டு ஆக்கள் பாணுக்குச் சத்தம் போடுறாங்க. உம்மா குசினிக்குள்ள இருந்து, "என்னடி, பாண்காரன் என்ன ஓதுறான்?" எண்டு கேக்கிறா. மைமூனா வாயத் திறக்கயில்ல. ஆனா நான் ஒரு எழுத்தில இடறி விழுந்தா அவட உதடு மட்டும் அசையும்.

"...காய்ச்சல்." ஒரு வரி! பொழுது உச்சிக்கு வந்த மாதிரி இருந்துது.

"மழைக்கு முதல் நாள் குதிரைக்குக் காய்ச்சல்" எண்டு அவ மெல்லமாச் சொல்லிப் பாத்தா. "அப்ப மழை வரப் போகுது. லைலாவுக்கு இது..." எண்டு தொடங்கி நிப்பாட்டினா. "இன்னும் தெரியாது. அடுத்த வரி."

புத்தகத்தில நூற்றியெண்பது பக்கம். நான் ஒரு நாளைக்கு ரெண்டு வரி வாசிச்சா வீரன். பதினாலு நாளில திருப்பிக் குடுக்கோணும். கணக்குப் பாத்தா எனக்கே சிரிப்பு வருது, அவவுக்குச் சொல்லயில்ல.

ரெண்டாம் வரியில மூண்டு எழுத்துக் கூப்பிட்டிருப்பன். ஜெமீல்ட சைக்கிள் வேலைக்குப் போக வாசல் முத்தத்தால இறங்கிச்சுது. நான் மூடியப் போட்டன்.

"ஒரு றாத்தலா மகள், அரை றாத்தலா?"

"ஒரு றாத்தல்" எண்டா மைமூனா. பாணை வாங்கிக் கொண்டு, ஜெமீல் ஒழுங்கை முடக்குத் திரும்பிறத கம்பிக்குள்ளால பாத்துக் கொண்டு நிண்டா. அவர் திரும்பின உடன என்னைப் பாத்தா.

பின்னால பாணுக்கு நிண்டவங்க ஏசுறாங்க. நான் மூடியத் திறந்தன்.