பிரிக்காத புத்தகங்கள்

எங்கள் பீர்க்கன்கரணை குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பழைய புத்தகத்தைக் கையால் தொடமாட்டார். இஸ்திரி கலையாத சட்டையும் பவுடர் வாசனையுமாக நடமாடும் மனிதர் அவர். தாம்பரம் ஸ்டேஷன் அருகே நான் பொறுக்கிவரும் பழைய புத்தகங்களைக் கண்டாலே மூக்கைச் சுளிப்பார்.

"யார் யார் எச்சில் தொட்டுப் புரட்டினதோ! எப்படி சார் மடியில வெச்சுப் படிக்கிறீங்க?"

அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரி நிறையப் புதுப் புத்தகங்கள். ஒன்றின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரித்ததில்லை.

அவர் மகளைப் பெண்பார்க்க வருவதற்கு முதல்நாள் என் வீட்டு மணியை அடித்தார்.

"மாப்பிள்ளையோட அப்பா காலேஜ் புரொபசராம், நிறையப் படிப்பாராம். என் புக்கெல்லாம் படிக்காததுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும். உங்க பழசைக் கொஞ்சம் குடுங்க சார், நாளைக்கு மட்டும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு பை நிறையக் கொடுத்தனுப்பினேன்.

சம்பந்தம் முடிவானது. பைகளைத் திருப்பிக் கொண்டுவந்தவர் கையில் ஒரு நாவலோடு தயங்கி நின்றார்.

"அவங்க போனப்புறம் சும்மா புரட்டினேன், விட முடியலை. கடைசிப் பக்கங்களைக் காணோமே சார். அந்தப் பொண்ணு திரும்பி வந்தாளா?"

"கடையில புதுசு கிடைக்கும், வாங்கிப் படிங்க," என்றேன் இளக்காரமாக.

"படிக்கிறதுக்குன்னு நான் புக் வாங்கினதே இல்லையே சார்," என்றார், துளி வெட்கமில்லாமல்.

வேறு வழியின்றி உட்காரவைத்து, முன்பு வேறொரு பிரதியில் படித்திருந்த முடிவைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரை ஏளனம் செய்யத்தான் இன்றும் எனக்கு ஆசை. அந்தக் கண்ணீர்தான் குறுக்கே வருகிறது.