பைகளை விட்டுவிட்டு ஏறிய மலை

"அம்மா, நீங்களும் அத்தையும் இங்கயே உக்காருங்க. பேக் எல்லாம் பாத்துக்குங்க. நாங்க மேல போய்ட்டு வந்துடறோம்" என்றான் என் மகன்.

அந்தமானில், போர்ட் பிளேயரிலிருந்து வேனில் வந்து இறங்கிய ஒரு கடற்கரையில் நின்றிருந்தோம். மணல் முடிகிற இடத்தில் காடு தொடங்கியது. அதற்குள் ஒரு ஒற்றையடிப் பாதை செங்குத்தாக ஏறிப் போனது. உச்சியில் ஒரு பாறை முனை இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் மூன்று பக்கமும் கடல் என்று எங்கள் சுற்றுலாக் குழுவின் கைடு இந்தியில் விளக்கினான். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் ஏற வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்து இளநீர் குடிக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டான். மரியாதையாகத்தான் சொன்னான்.

எனக்கு ஐம்பத்தாறு. என் கணவரின் அக்காவுக்கு அறுபத்துமூன்று. அண்ணி என்று கூப்பிடுவேன். கணவருக்கு அறுபது, கூடவே சர்க்கரை. தொம்மலூரில் எங்கள் வீட்டு இரண்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் ஒரு தடவை நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிற மனிதர். அவர் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மகனும் மருமகளும் கணவரும் மற்றவர்களோடு காட்டுக்குள் போய் மறைந்தார்கள். பெஞ்சில் நானும் அண்ணியும் ஆறேழு பைகளும் மிச்சம்.

காவலுக்கு உட்காரும் இந்த இடம் எனக்குப் பழக்கமானதுதான். கல்யாணமான புதிதில் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிவகங்கை மலைக்குப் போனபோது, அடிவாரத்தில் மாமியாரோடு உட்கார்ந்து எல்லோருடைய செருப்புகளையும் பார்த்துக்கொண்டேன். பிள்ளை பிறந்த பிறகு பிள்ளையோடு உட்கார்ந்தேன். மாமனார் படுக்கையில் விழுந்த வருடங்களில் வீட்டைவிட்டு எங்கேயும் போகவில்லை. இப்போது அண்ணி. அவர் கணவர் இறந்த பிறகு தங்கவயலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. எங்களுக்குள் ஒத்துப்போனது கிடையாது. என் குழம்பில் புளி அதிகம் என்பார். டிவி சத்தத்தை அவர் கூட்டுவார், நான் குறைப்பேன். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம்.

அன்றைக்கு அவர்தான் முதலில் பேசினார்.

"என்னை எதுக்கு நீ பாத்துக்கணும்? நான் இன்னா கன்னுக்குட்டியா, அவுத்துக்கினு ஓட?"

எனக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

"இங்க குந்திக்கினு இருக்கறதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்? குந்தறதுக்கு தொம்மலூர்ல எடம் இல்லியா?" என்றார் மறுபடியும்.

எழுந்தேன். பைகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போய் இளநீர் விற்கிற அம்மாளின் மேசைக்கு அடியில் வைத்தேன். அவர் தமிழ்தான். கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போய்ட்டு வாங்க என்றார். திரும்பினால் அண்ணி பாதையில் கால் வைத்தாகிவிட்டது.

தொடக்கத்திலேயே ஏற்றம்தான். படியென்று எதுவும் இல்லை. பெரிய மரங்களின் வேர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கிடந்தன, அவற்றின்மேல் மிதித்து ஏறவேண்டும். முந்தின நாள் மழையில் மண் வழவழவென்று இருந்தது. நான் போட்டிருந்தது காலை நடைக்கான ஷூ. அண்ணியின் ரப்பர் செருப்பு மூன்றாவது வேரிலேயே வழுக்கியது. அதைக் கழற்றி ஒரு புதரடியில் சொருகிவிட்டு, புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். காற்றே இல்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.

மிகச் செங்குத்தான ஓர் இடத்தில், பிடித்து ஏறுவதற்கு மரத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். அங்கே அண்ணி சறுக்கி முட்டிபோட்டு விழுந்தார். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. திரும்பிவிடலாம் அண்ணி என்றேன்.

"நீ வேணா போ" என்றார். கோபம் எதுவும் இல்லை, தகவல் சொல்வது போலச் சொன்னார்.

என் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்து முட்டியைத் துடைத்துவிட்டேன். அப்போதுதான் சொன்னார். தங்கவயலில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் சயனைடு மேடு இருந்ததாம். சுரங்கத்துக் கழிவுமண் மலைபோலக் குவிந்து கிடக்குமே, அது. சிறுவயதில் தினமும் ஓடி உச்சிக்கு ஏறுவாராம். வயதுக்கு வந்த வாரத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். தம்பி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தான். தம்பி என்றால் என் கணவர். இதை அவர் என்னிடம் சொல்வது அதுவே முதல் தடவை. கேட்டுவிட்டு, கயிற்றை நான் முதலில் பிடித்து ஏறி அவருக்குக் கை கொடுத்தேன்.

கயிறு முடிந்து பாதை திரும்புகிற இடத்தில் ஒரு கல்மேல் என் கணவர் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டாராம்.

"நீங்க ஏன் வந்தீங்க? பேக் எங்க?"

"கீழ இருக்கு."

அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். நடுக்கம் இல்லை, கை சில்லிட்டிருக்கவும் இல்லை. தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை, தொடைதான் கடுக்கிறது என்றார். சர்க்கரை இறங்கினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. இது தோற்றுப்போன முகம், அவ்வளவுதான். இடுப்புப் பையிலிருந்த பிஸ்கட்டையும் தண்ணீரையும் கொடுத்தேன்.

"சரி, நீயும் இங்கயே உக்காரு. அக்காவும் உக்காரட்டும். அவங்க வந்ததும் சேந்து இறங்கிடலாம்" என்றார். கல்லில் எனக்கும் இடம்விட்டு நகர்ந்துகொண்டார்.

முப்பது வருடப் பழக்கம், உட்காரக் கால் கிட்டத்தட்ட மடங்கிவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த அரை நொடியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

"நீங்க உக்காந்திருங்க" என்றேன். "வர்றப்போ கூட்டிட்டுப் போறோம்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா அதற்கு முன்பே நடக்க ஆரம்பித்திருந்தார்.

அதற்குப் பிறகு வந்த ஏற்றம் நீளமானதா குறைவானதா என்று எனக்கு ஞாபகம் இல்லை. மூச்சு இரைத்தபோது நின்றோம், அடங்கியதும் நடந்தோம். இறங்கி வந்த ஒரு ஜோடி, ஆன்ட்டி சூப்பர் என்று கட்டைவிரலைக் காட்டியது. அண்ணி பதிலுக்குச் சிரிக்கக்கூட இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு மரங்கள் சட்டென்று முடிந்துவிட்டன. முனையில் மகனும் மருமகளும் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகன் எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்து, அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்தான். ஒன்றுமில்லை, உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அப்புறம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டான். பார்க்க வந்தோம் என்றேன். அடுத்ததாக அவனும் பைகளைப் பற்றித்தான் கேட்டான். மருமகள் மட்டும் ஒன்றும் கேட்காமல் அண்ணியின் முட்டியைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டிலை நீட்டினாள்.

கடல் கீழே கிடந்தது. கரையோரம் பச்சை, தள்ளிப் போகப்போக நீலம், அதற்கும் அப்பால் மழை இறங்கிக்கொண்டிருந்த ஒரு சாம்பல் பட்டை. மனது அமைதியாயிற்று என்று சொன்னால் பொய். இத்தனை நாள் இதையெல்லாம் பார்க்கவிடாமல் செருப்பைப் பார்த்துக்கொள்ள வைத்தார்களே என்றுதான் நினைத்தேன். நல்ல கோபம் அது. நிமிர்ந்து நிற்க உதவியது.

கைடு கைதட்டி, நேரமாச்சு, எல்லோரும் இறங்கலாம் என்றான். அண்ணி விளிம்பிலிருந்து தள்ளி ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்துக் காலை நீட்டி உட்கார்ந்தார். தங்கவயலில் கற்ற உருது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"ஜல்தி நக்கோ, பேட்டா" என்றார். அவசரம் வேண்டாம், மகனே.

எங்களிடம் தமிழில் சொன்னார்: "நீங்க எல்லாம் பாத்தாச்சு. நான் இப்பதான் வந்துகினு இருக்கேன்."

கைடு மகனைப் பார்த்தான். மகன் என்னைப் பார்த்தான். நான் போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். மொத்தக் குழுவும் வெயிலில் நின்று காத்திருந்தது. அவர் எழுந்தபோதுதான் இறங்கினோம். கணவரை வழியில் சேர்த்துக்கொண்டோம்.

நாங்கள் மேலே இருந்தபோது கீழே ஒரு தூறல் விழுந்திருந்தது. இரண்டு பைகள் நனைந்து, மகனின் சார்ஜர் கெட்டுப்போனது. வேனில் போர்ட் பிளேயர் வரைக்கும் அதைப் பற்றியே பேசினான். நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அண்ணி ஒரு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். என் கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. ஆடுகோடிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி என்னைக் கேட்டாள். தேவைதான் என்றேன். அவள் மேலே ஏதாவது விளக்கம் வரும் என்று நின்றாள். நான் சாப்பிடப் போய்விட்டேன்.

குழம்பில் புளி அதிகம் என்று அண்ணி இன்னும் சொல்கிறார். நான் குறைக்கவில்லை.