பஸ்தாவியின் தலைப்பாகை

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, பூசை நின்றுபோன அந்தப் பழங்காலக் கோயிலின் வாசற்படியைத் தாண்டுமுன், காவல்காரர் பஸ்தாவி தலைப்பாகையை அவிழ்த்து, உள்பக்கமாகவே நின்று மூன்று தடவை உதறுகிறார். பகலெல்லாம் சுவரிலிருந்து உதிர்ந்த கல்தூள் பறந்து தரையில் படிகிறது. "அவங்க சொத்து அவங்ககிட்டயே இருக்கட்டும். துளி தூள் வீட்டுக்கு வந்தாலும் எனக்குத் தூக்கம் வராது." மறுபடி சுற்றிக்கொண்டு வெளியே வருகிறார். இருபத்திரண்டு வருடக் காவலில் இது ஒரு நாளும் தவறியதில்லை.

உட்காரும் இடமும் மாறாது. ஈசிஸ் தேவி குழந்தை ஹோரஸுக்குப் பாலூட்டும் சிற்பச் சுவர். அதன் அடியில் ஒரு கோணிச்சாக்கு, கரிபிடித்த தேநீர்க் கெண்டி. காலையில் நுழையும்போது, "இடத்துக்குச் சொந்தக்காரங்களே, உத்தரவு!" என்று தொண்டையைச் செருமுவார். ஐந்து வேளை தொழுகிற மனிதருக்குக் கல்லிடம் என்ன உத்தரவு என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு மரியாதைக்குத்தான்யா. அடுத்தவன் வீட்டுக்குள்ள நீ கதவைத் தட்டாமயா நுழைவே?" என்று நம்மீதே பாய்வார்.

தொல்பொருள் அதிகாரிகள் சொல்லக் கேட்டுக் கேட்டுச் சுவர் அவருக்கு மனப்பாடம். தேவியின் கொம்புகளுக்கு நடுவே சூரியன். குழந்தையின் மூக்கருகே, தலையில் வளையம் வைத்த சிலுவை போல, உயிர்க்குறி. "அதை வெறும் பாலுன்னு நினைக்காதே. அதைக் குடிச்ச பிள்ளைதான் ராசாவாகும். செத்தாலும் எந்திரிச்சு உக்காரும்." தேவியின் முகத்தை எந்தக் காலத்திலோ யாரோ உளியால் கொத்திவிட்டார்கள். மார்பைக் கரைத்ததோ ஊர்ப் பெண்கள். பிள்ளை வேண்டி வந்து, நகத்தால் சுரண்டி, அந்தத் தூளைத் தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். "கையை எடு தாயி! கல்லைத் தின்னா வயித்துவலிதான் வரும்" என்று சொந்தக் கொழுந்தியாளையே விரட்டியடித்தவர் பஸ்தாவி. அவள் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

போன வியாழக்கிழமை, கோயில் அடைக்கும் நேரத்தில் மகள் வர்தா வந்தாள். கல்யாணமாகி ஏழு வருடம், வயிறு திறக்கவில்லை. அப்பாவைப் பார்க்காமல் நேரே சுவருக்குப் போய்க் கையை உயர்த்தினாள்.

"கையை எடு!" பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

அவள் எடுத்துவிட்டாள். "எடுத்தாச்சு வாப்பா. மாமியா வேற பொண்ணு பாத்தாச்சு. பெருநாள் கழிஞ்சு கல்யாணமாம்."

"உன் புருஷன் என்ன சொல்றான்?"

"தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரொட்டி திங்கிறாரு."

பஸ்தாவி சுவரை நிமிர்ந்து பார்த்தார். தேவியின் மார்பில் இனிச் சுரண்டுவதற்கு விரற்கடை கல்கூட மிச்சமில்லை. "நேரமாச்சு, வா" என்றார்.

வாசற்படியில் வழக்கம்போல் நின்றார். கை தலைப்பாகைக்குப் போய், அதைத் தொடாமலே இறங்கியது. உதறாமல் படியைத் தாண்டினார்.

கரும்புத் தோட்டத்து வரப்புக்கு வந்தபின் தலைப்பாகையைப் பதனமாகக் கழற்றினார். ஒரு துகளும் சிந்தாமல் உள்பக்கமாக மடித்து மகளின் கையில் வைத்தார்.

"அழுக்காயிருச்சு. கொஞ்சமாத் தண்ணி வெச்சு, நீயே அலசு."

பிறகு, ஊர் பார்க்க, வெறுந்தலையோடு முன்னால் நடந்தார்.