கதவடைச்சான் வகையறா

போன வாரம் ஆனையூர் வீட்டு வாசலில் ஒரு கூரியர் பையன் பார்சலும் கையுமாகத் தயங்கி நின்றான். "சார், பேரோட 'கதவடைச்சான்'னு போட்டுருக்கு. வீடு பூட்டியிருக்குமோன்னு நெனச்சேன்" என்றான். அது எங்கள் வகையறாப் பெயர் என்று சொல்லிப் புரியவைத்து அனுப்பினேன்.

பார்சலில் கிரைண்டர் பெல்ட். அந்தப் புது ரப்பர் வாசனை இருக்கிறதே, எழுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த சிம்மக்கல் ஸ்பேர் பார்ட்ஸ் கடை முழுக்க அதுதான் அடிக்கும். அங்கே நான் வெறும் 'க.' தான். என்ன இனிஷியல் என்று கேட்டால் கருப்பையா என்று அப்பா பெயரைச் சொல்லிவிடுவேன். கதவடைச்சான் என்று சொல்லிவிட்டு யார் கேலியைத் தாங்குவது?

அப்பாவுக்கோ அதில்தான் பெருமை. சோழவந்தான் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. வரி கேட்டு வந்த ஜமீன் ஆட்களை உள்ளே விடாமல், எங்கள் முன்னோர் ஒருவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தாராம். "இந்தச் சீமையில கதவடைச்சான் நம்ம வீடு ஒண்ணுதான்டா" என்பார். ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றும், வெளியே சொன்னதில்லை.

கடைக்கு வந்து பழகியவன் முருகேசன், திருவாதவூர்க்காரன். பம்ப்செட் மெக்கானிக். இரண்டு பேருமே 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கொடிக்கால் மோட்டார் நின்றுபோனபோது நான்தான் அவனை ஊருக்குக் கூட்டிப்போனேன். அதற்கப்புறம் அந்த மோட்டார் அடிக்கடி நின்றது. என் தங்கை செல்வி குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகும் நாட்களில் ரிப்பேர் இழுத்துக்கொண்டே போனதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் அம்மாவோடு பெண் கேட்டு வந்தான். பேச்சு நன்றாகத்தான் போனது. கடைசியாக அப்பா, "எந்த வகையறா?" என்றார்.

முருகேசன் கொஞ்சம் நெளிந்தான். "கதவடைச்சான்ங்க."

அப்பா வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். "அப்ப நீ எனக்கு மகன் முறையில்ல ஆகுற? செல்விக்கு அண்ணன்."

ஒரே வகையறா என்றால் பங்காளி. கல்யாணப் பேச்சே கிடையாது. மாப்ள, மாப்ள என்று கூப்பிட்ட நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இருவருமே வெட்கப்பட்டு ஒளித்த பெயர் நடுவீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவன் அம்மா எழுந்துவிட்டார்.

அப்போதுதான் செல்வி உள்ளேயிருந்து வந்தாள். "பேரு ஒண்ணுன்னா பங்காளியாயிருமா? போயி விசாரிக்காம எப்பிடிப்பா முடியாதுங்கிறீக?"

அந்த வீட்டில் அப்பாவை எதிர்த்து யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா அவளையே பார்த்தார். மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு திருவாதவூருக்குக் கிளம்பினார்.

அங்கே முருகேசனின் பெரியப்பாவிடம் குலதெய்வத்தைத்தான் முதலில் கேட்டார். அவர்களுக்குக் காளி. எங்களுக்கு ஐயனார். பங்காளி என்றால் சாமியும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் வந்த கதையும் வேறு. காலராவுக்குப் பயந்து ஊரே காலிசெய்து ஓடியபோது, அவர்கள் முன்னோர் ஒருவர் மட்டும் தங்கி, திறந்து கிடந்த வீடுகளின் கதவுகளையெல்லாம் அடைத்துக் காவல் காத்தாராம்.

திரும்பும் பஸ்ஸில், "நல்ல சேதிதானப்பா?" என்றேன்.

"சேதி நல்லதுதான்" என்றார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நம்மாளு தன் வீட்டுக் கதவத்தான் அடைச்சாரு. அவுக ஆளு ஊரு கதவையில்ல அடைச்சிருக்காரு" என்றார்.

கல்யாணம் நடந்தது. கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கமும் ஒரே பெயரைப் பார்த்த அச்சகத்துக்காரர் பிழையென்று நினைத்து எங்கள் பக்கத்தில் எடுத்துவிட, அப்பா நேரில் போய்ச் சண்டை போட்டுத் திரும்பச் சேர்த்தார். நானும் அதற்கப்புறம்தான் பெயரை முழுதாக எழுத ஆரம்பித்தேன்.

இப்போது அப்பாவும் இல்லை, முருகேசனும் இல்லை. போன வருஷம் செல்வியின் மகனுக்குப் பெங்களூரில் கல்யாணம். கூட வேலை பார்க்கும் புனே பெண். சம்பந்தி வீட்டார் வகையறாவைக் கேட்டால் சொல்ல வேண்டுமென்று செல்வி இரண்டு கதைகளையும் மகனிடம் சொல்லி, தமிழ் எழுத்திலேயே இந்தியில் எழுதி வாங்கிப் படித்து வைத்திருந்தாள். அவர்கள் நல்ல மனிதர்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள், வெயிலைப் பற்றிக் கேட்டார்கள்.