பதினோரு டிகிரி

என் வீட்டுக்காரர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ரத்த மாதிரிகள் இருக்கும் ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று தினமும் காலையில் நோட்டில் எழுதுவார். எட்டைத் தாண்டக் கூடாது. ஒருநாள் கரண்ட் போய்ப் பதினொன்று காட்டியது. அதையே எழுதினார். அதில் கெட்டுப்போன மாதிரிகளைத் தூக்கிப்போட்டார்கள்.

பிறகு வெளிநாட்டுக் குழு பார்வையிட வந்தது. அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் இங்கே செய்யும் ஆராய்ச்சியை வெளியே மதிப்பார்கள். பேராசிரியருக்குப் பயம்.

"அண்ணே, அந்தப் பதினொண்ண அஞ்சுன்னு மாத்திடுங்க. மானம் போயிடும்."

"ஃப்ரிட்ஜே உள்ளதச் சொல்லுது சார். நான் மறைக்கவா?"

குழுவினர் நோட்டைப் புரட்டி, பதினொன்று எழுதியிருந்த பக்கத்தில்தான் நின்றார்கள். கெட்டுப்போன நாளை மறைக்காதவர் எழுதிய மற்ற நாட்களையும் நம்பலாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள்.

போன வாரம் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். தங்கக்கட்டி! எடை இரண்டு கிலோ எழுநூறு. அதையும் ஒரு நோட்டில் எழுதினார்.

"மூணு கிலோன்னு எழுதுங்களேன், சம்பந்திகிட்ட சொல்ல நல்லாருக்கும்," என்றேன்.

"மூணு ஆகட்டும்டி, அன்னைக்கு எழுதுறேன்," என்று பேத்தியை என் மடியில் வைத்தார்.