டி டிரைவில் இருந்த சாமத்திய வீடு

வட்டக்கச்சியில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையாகிச் செய்யும் சாமத்திய வீட்டுக்கு அல்பம் செய்வது என்றால் சுதாஜினிதான். படம் எடுப்பவர்கள் மெமரி காட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் கொப்பி எடுத்ததும் அடுத்த வீட்டுக்காக அதை அழித்துவிடுவார்கள். பிறகு அந்தப் பிள்ளையின் ஆலாத்தியும் சிரிப்பும் இவளுடைய பழைய லப்டொப்பில் மட்டும்தான். எல்லாம் டி டிரைவில் கிடக்கும். விண்டோஸ் பழுதாகிக் கடையில் திருப்பிப் போட்டபோதெல்லாம் அழிந்தது சி-தான். டி-க்கு ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. அப்படியிருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அக்காவின் புருஷன் பிரசாந்தனும் பளையிலிருந்து வந்தார்கள்.

"இனி இந்த விண்டோசுக்கு அப்டேற் வராது, சுதா. பக்கத்தில லினக்ஸ் போட்டுவிடுறன். ரெண்டும் ஓடும்."

"டி-யில மட்டும் கை வைக்காதேங்கோ அத்தான். சிவனேஸ்வரி அக்கான்ர மகளின்ர சாமத்திய வீட்டுப் படம் கிடக்கு."

"எனக்குச் சொல்லித் தாறியோ? போய்த் தேத்தண்ணி போடு."

தேத்தண்ணி கேட்ட அத்தானுக்கு முன்னால் யார் மறுத்து நிற்பது? போனாள். விதி என்று யாரும் சொல்ல வர வேண்டாம்.

அந்தப் பழைய டிஸ்க் நாலு பிரிவுக்கு மேல் பிரிக்க விடாது. நாலும் ஏற்கெனவே இருந்தன. புதியதற்கு இடம் வேண்டுமென்றால் ஒன்றை எடுக்க வேண்டும். லினக்ஸ் போடும் திரையில் சி, டி என்ற பெயர்களும் இல்லை, வெறும் இலக்கங்கள். அத்தான் குசினிப் பக்கம் ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒன்றுமில்லாத பிரிவென்று தானே நினைத்து ஒன்றை அழித்தார்.

"டி எங்கை அத்தான்?"

"அங்க டி எண்டு ஒண்டும் காட்டேல்லையே."

"அப்ப எதை அழிச்சனீங்கள்?"

அவர் எதையெதையோ தட்டிப் பார்த்தார். "மேல புதுசு எழுதியாச்சு. இனி எடுக்கேலாது. இன்னொரு கொப்பி வைச்சிருக்கத் தெரியாதோ உனக்கு?"

அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவரை ஏசாதை. சும்மா செய்து தந்த மனிசன்."

சிவனேஸ்வரி குவைத்தில் வீட்டுவேலை செய்கிறவள். மகளின் சாமத்திய வீட்டுக்கென்று லீவு கெஞ்சி வாங்கி வந்து, உடனே திரும்பிப் போனவள். அன்று மத்தியானமே அவளுடைய கோல் வந்தது.

"அல்பம் முடிஞ்சுதோ பிள்ளை?"

சுதாஜினி ஒளிக்காமல் சொன்னாள்.

"நான் பிள்ளையோட நிண்ட படமும் இல்லையோ?"

"இல்லை அக்கா."

"அழிச்சவர் என்ன சொல்லுறார்?"

சுதாஜினி முன்னறையைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா அத்தானுக்கு மீன்குழம்பு விட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுறார்."